பாட்டு வகுப்புக்கு ஓர் அட்டவணை

போன மாதம் என் பேத்தி படிக்கும் பள்ளியில் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் நடந்தது. நாற்பத்து மூன்று நாற்காலிகள் போட்டிருந்தார்கள். வந்தவர்கள் முப்பத்தொரு பேர். மின்விசிறிகள் நான்கு, சுற்றியவை மூன்று. நான் உட்கார்ந்திருந்தது நான்காவதின் கீழே.

கூட்டத்தின் நடுவில் ஒருவர் எழுந்தார். "பாட்டுப் பாடி, படம் வரைஞ்சு, எந்த ஆபீஸ்ல வேலை கிடைக்கப் போகுது? அந்த நேரத்தையும் கணக்குக்குக் குடுங்க லா. பிள்ளைங்க பாஸாவது ஆகும்" என்றார். பத்தொன்பது பேர் கைதட்டினார்கள். தட்டி முடித்து எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். முப்பத்தாறு ஆண்டுகள் கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான். இருபதாவது ஜோடிக் கை என்னுடையதாக இருக்கும் என்று எதிர்பார்த்திருக்க வேண்டும்.

"பாட்டு வகுப்புல கை வைக்காதீங்க" என்றேன்.

ஏன் என்று சொல்ல வாயைத் திறந்தபோது தேநீர் வந்துவிட்டது. தேநீர் வந்த பிறகு எந்தக் கூட்டத்திலும் யாரும் யாருக்கும் காது கொடுப்பதில்லை. ஆகையால் எழுதுகிறேன்.

நான் சொல்லப் போவது பினாங்கு ஜப்பான்காரர்கள் கையில் இருந்த காலம். எனக்கு வயது இருபத்து நான்கு. சூலியா தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில், முன்பு அரிசிக் கிடங்காக இருந்த கட்டடத்தில், எங்கள் தமிழ்ப்பள்ளி நடந்தது. போருக்கு முன் நூற்று முப்பத்தெட்டுப் பிள்ளைகள். குண்டு விழுந்த பிறகு பலர் ஊரைவிட்டுப் போய், மீண்டும் திறந்தபோது பதிவேட்டில் எழுபத்து நான்கு பேர். ஆசிரியர்கள் நால்வர். பலகையில் எழுத வெண்கட்டி ஒரு வாரத்துக்கு ஆளுக்கு ஒன்றரை. அந்த அரையை யார் உடைப்பது என்பதில் தகராறு வரும்.

கடிகாரத்தைக்கூட அவர்கள் விட்டுவைக்கவில்லை. தோக்கியோ நேரம் என்று முள்ளை ஒன்றரை மணி முன்னால் தள்ளிவிட்டார்கள். எட்டு மணிப் பள்ளி என்றால் வெளிச்சம் வருமுன்பே வந்து நிற்க வேண்டும். இருட்டில் வருகை எடுத்தால் ஒருவனே இரண்டு பேருக்கு "உள்ளேன் ஐயா" சொல்லிவிடுவான் என்று, நான் பிள்ளைகளின் தலையைத் தொட்டு எண்ணுவேன். பதிவேட்டில் எழுதியது போக, என் சொந்த நோட்டிலும் எழுதிக்கொள்வேன். அந்த நோட்டை யாரும் கேட்டதில்லை. ஆனாலும் எழுதினேன்.

என் வகுப்புக்கும் பாட்டு வகுப்புக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்பு இருந்தது. பலகைகள் பதினொன்று, இடுக்குகள் பத்து. பத்து இடுக்கிலும் ஆர்மோனியச் சத்தம் வரும். அதை வாசித்த பாட்டு டீச்சர் யாழ்ப்பாணத்துக் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய அப்பா கடலுக்கு அக்கரையில், பட்டர்வொர்த்தில், ரயில்வேயில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தார். போரில் அந்த வேலை போய், படுத்த படுக்கையாகவும் ஆகிவிட்டார். டீச்சர் தினமும் ஃபெர்ரி ஏறி வந்து போவார். ஆசிரியர் பட்டியலில் பெயர் இருந்தால் மாதா மாதம் அரிசிச் சீட்டு உண்டு. அவர் வீட்டில் நான்கு வயிறு அந்த ஒரு சீட்டில் ஓடியது. இது எனக்குத் தெரியும். தெரிந்தும், பாட்டுச் சத்தத்தால் கணக்குப் பாடம் கெடுகிறது என்று பெரிய வாத்தியாருக்கு மூன்று முறை எழுத்து மூலமாகப் புகார் கொடுத்திருந்தேன்.

பெரிய வாத்தியார் நல்லவர், ஆனால் பயந்தவர். காக்கித் துணி எங்கே தெரிந்தாலும் இடுப்பை வளைத்துக் கும்பிடு போட்டுவிடுவார். தபால்காரருக்கு அவர் இரண்டு முறை குனிந்ததை நானே பார்த்திருக்கிறேன். அதனால் கல்வி அலுவலகத்திலிருந்து அந்த உத்தரவு வந்தபோது அவர் அதைக் கேள்வி கேட்கவில்லை. பள்ளிகளில் இனி ஜப்பான்காரர்களின் நிப்பொன் மொழி, உடற்பயிற்சி, விவசாயம், கணக்கு ஆகியவை போதும், பாட்டுக்கும் சித்திரத்துக்கும் தனி ஆசிரியர் தேவையில்லை என்பது உத்தரவு. சித்திரத்துக்கு எங்களிடம் ஆளும் இல்லை, காகிதமும் இல்லை. அடிபட்டது பாட்டு டீச்சர்தான். மாத முடிவோடு பட்டியலிலிருந்து அவர் பெயர் நீங்கும். அதுவரை பள்ளிக்குப் பின்னால் மரவள்ளி போடும் இடத்தில் பிள்ளைகளை மேய்க்க வேண்டும். ஆர்மோனியத்துக்கு ஒரு கோணிப்பை போர்த்தினார்கள்.

எனக்குச் சந்தோஷம்தான். மறைப்பானேன். பத்து இடுக்கிலும் காற்று மட்டும் வந்தது.

அந்தச் சந்தோஷம் இரண்டு நாள் இருந்தது. மூன்றாம் நாள் பெரிய வாத்தியார் என்னைக் கூப்பிட்டார். அதே அலுவலகத்திலிருந்து இரண்டாவது காகிதம். வரும் மாதம் கடற்கரைத் திடலில் எல்லாப் பள்ளிகளும் கூடி ஒரு நிப்பொன் பாட்டைப் பாட வேண்டுமாம்.

"தம்பி, நீதான் சொல்லிக் குடுக்கணும்."

"எனக்குப் பாட்டு வராதுங்க."

"பாட்டுன்னா என்ன? ஒண்ணு ரெண்டு மூணு நாலு. எண்ணுறதுக்கு இந்தத் தீவுல உன்ன விட்டா யாரு இருக்கா?"

"பாட்டு டீச்சர் இருக்காங்களே."

"தேவையில்லைன்னு எழுதிட்டாங்க லா. தேவையில்லாதவங்கள நான் எப்படித் தேவைன்னு கூப்பிடுறது?" என்றவர், வாசலில் நிழல் தட்டியதும் பேச்சை நிறுத்திவிட்டு எழுந்து குனிந்தார். தண்ணீர்க்காரர் வந்திருந்தார்.

பாட்டு ஒன்பது வரி. தமிழ் எழுத்தில் எழுதினால் நூற்றுப் பன்னிரண்டு எழுத்து. அதை நான்கு நான்காகப் பிரித்து, மேசையில் ரூலரால் தட்டி, சொல்லிக்கொடுத்தேன். எட்டு நாளில் பிள்ளைகள் ஓர் எழுத்து பிசகாமல் ஒப்பித்தார்கள். பெருமையாக இருந்தது. ஒன்பதாம் நாள் "இப்பப் பாடுங்க" என்றேன். அன்று வந்திருந்தவர்கள் நாற்பத்தாறு பேர். நாற்பத்தாறு ராகம். ஒருவன் கோயில் தேரிழுப்பதுபோல் இழுத்தான். ஒருத்தி அழுதாள். சந்தில் போன கச்சான் கடலை விற்பவர் நின்று எட்டிப் பார்த்து, "என்னா வாத்தியாரே, அடிக்கிறீங்களா?" என்று கேட்டார்.

அதே வாரத்தில் இன்னொன்று. மூன்றாம் வகுப்பில் இருபத்து நான்கு பேர். ஏழாம் வாய்ப்பாட்டை இதற்கு முன் தண்ணீராய்ச் சொன்னவர்கள் திடீரென்று முழித்தார்கள். ஒரு பெண்ணை எழுப்பி, "ஏழெட்டு எத்தனை?" என்றேன். அவள் கண் பலகைத் தடுப்பின் பக்கம் போனது. வலது கை தொடையில் தட்டியது, விரல் மடங்கியது, மறுபடி தட்டியது. பிறகு "ஐம்பத்தாறு" என்றாள். கையைக் கட்டச் சொல்லிவிட்டு "ஏழொன்பது?" என்றேன். கை கட்டியபடி நின்றாள். விடையும் கட்டுண்டு நின்றது. வரிசையாக எல்லோரையும் கேட்டேன். தட்டினால் வந்தது. தட்டாவிட்டால் வரவில்லை.

பின்பக்கம் போனேன். பாட்டு டீச்சர் சேலையைச் செருகிக்கொண்டு மண்வெட்டியோடு நின்றார். இரண்டு கையிலும் மொத்தம் ஐந்து கொப்புளங்கள்.

"என்ன மாஸ்டர், சத்தம் கூடிப்போச்சோ? மரவள்ளி சத்தம் போடாமல்தானே வளருது" என்றார்.

"டீச்சர், ஏழாம் வாய்ப்பாட்டை நீங்க என்ன செஞ்சீங்க?"

"நான் ஒண்டும் செய்யேல்லை. தாளம் பிடிக்கப் பழக்கினனான்."

"வாய்ப்பாட்டுலயா?"

"வேறை எதிலை பழக்கிறது? சிவபெருமானைப் பாடினால் சூலியா தெருவிலையிருந்து வாற பிள்ளையளின்ரை வாப்பாமார் கோவிப்பினம். அல்லாவைப் பாடினால் கோயில்காரர் வருவினம். மாதாவைப் பாடினால் ரெண்டு பகுதியும் சேர்ந்து வரும். ஏழாம் வாய்ப்பாட்டுக்குச் சண்டை பிடிக்க ஆர் வருவினம்? அதுக்குத்தான் ஒரு சாமியும் இல்லை."

பத்து இடுக்கிலும் வந்து என்னைத் தொந்தரவு செய்தது என்னுடைய வாய்ப்பாடேதான். ராகம் போட்டிருந்ததால் நான் அதைப் பக்திப்பாட்டு என்று தள்ளிவிட்டிருந்தேன். என் மாணவர்களுக்கு என் பாடத்தை அவர் வாரத்துக்கு இரண்டு முறை சொல்லிக் கொடுத்திருக்கிறார், நான் அவர்மேல் மூன்று புகார் எழுதியிருக்கிறேன்.

"நிப்பொன் பாட்டை நீங்க சொல்லிக் குடுக்கணும் டீச்சர்."

"நான் விவசாயம். மாத முடிவிலை அதுவும் இல்லை."

"எழுபத்து நாலு பிள்ளைங்க, திடல்ல, அத்தனை பேர் முன்னால…"

"மாஸ்டர்" என்றார். மண்வெட்டியைக் கீழே வைத்தார். "மூண்டு பெட்டிசம் போட்டனீங்கள். மூண்டும் எனக்குத் தெரியும். பெரிய வாத்தியார் எனக்கு வாசிச்சுக் காட்டினவர். நாலாவதை எனக்காகப் போடுங்கோ. ஒரு பாட்டுக்காக இல்லை. வகுப்புக்காக. நான் வீட்டை போய் அப்பாவுக்கு என்னத்தைச் சொல்லுறது? நீங்கள் எல்லாத்தையும் எண்ணுறனீங்கள். இதையும் ஒருக்கால் எண்ணிப் பாருங்கோ."

எண்ணிப் பார்த்தேன். என் சொந்த நோட்டுக்கு முதல் தடவையாக வேலை வந்தது. உத்தரவுக்கு முந்தைய நான்கு வாரத்தில் பள்ளி நடந்தது இருபது நாள். செவ்வாயும் வியாழனும் பாட்டு. ஆக எட்டு நாள். அந்த எட்டு நாளில் வந்தவர்கள் கூட்டுத்தொகை ஐந்நூற்று இருபத்தெட்டு, சராசரி அறுபத்தாறு. பாட்டு இல்லாத பன்னிரண்டு நாளில் சராசரி ஐம்பத்திரண்டுக்குச் சற்றுக் கீழே. பாட்டு நின்ற பிறகு நாற்பத்தேழு. மழை, காய்ச்சல், அரிசி கொடுக்கும் நாள், ஃபெர்ரி ஓடாத நாள் எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தேன். எதைக் கழித்தாலும் செவ்வாயும் வியாழனும் தலைதூக்கி நின்றன. மரவள்ளிக் கிழங்கை மட்டும் தின்றுவிட்டு இருட்டில் நடந்து வரும் பிள்ளை எதற்காக வருகிறது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. எனக்காக வரவில்லை. இதை எழுதும்போதும் கொஞ்சம் வலிக்கிறது.

நான்கு கட்டம் போட்டு, கோட்டுக்கு மை தொட்டு, அட்டவணை எழுதினேன். எண்களுக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை என்பது என் நம்பிக்கை. பெரிய வாத்தியாரிடம் காட்டினேன். "ரொம்ப அழகா இருக்கு. என் பேர் எங்கேயும் இல்லையே?" என்றார். இல்லை என்றதும் கல்வி அலுவலகத்துக்குப் போய்வர எனக்கும் பாட்டு டீச்சருக்கும் அரைநாள் விடுப்புக் கொடுத்தார்.

அலுவலகத்து வாசலில் காவல்காரனுக்குக் குனிய வேண்டும். நான் குனிந்தது போதவில்லை. மறுபடி குனியச் சொன்னான். மூன்றாவதில் தேறினேன். பாட்டு டீச்சர் ஒரே குனிதலில் உள்ளே போய்விட்டார்.

பள்ளிகளைப் பார்த்துக்கொண்ட ஜப்பானிய அதிகாரி மெலிந்தவர், மூக்குக் கண்ணாடி போட்டவர். மேசையில் பேனா மூன்று, முத்திரை இரண்டு, மணிச்சட்டம் ஒன்று. பக்கத்தில் நின்ற மொழிபெயர்ப்பாளர் நம் தமிழ்ப் பையன்தான். மூன்று மாதம் நிப்பொன் மொழி படித்து, முப்பது வருடத்து நிமிர்வோடு நின்றான்.

நான் ஐந்து நிமிடம் பேசினேன். பிள்ளைகள், வருகை, தாளம், வாய்ப்பாடு என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். அவன் அதை நான்கு சொற்களில் முடித்தான். எண்ணினேன்.

"அவ்வளவுதானா தம்பி?"

"நிப்பொன்கோ சுருக்கமான பாஷை அண்ணே."

அதிகாரி அட்டவணையை எடுத்தார். மணிச்சட்டத்தை இழுத்தார். டக் டக் டக் என்று முதல் கட்டத்தை இறக்கினார். ஐந்நூற்று இருபத்தெட்டு. தலையசைத்தார். இரண்டாம் கட்டத்துக்கு வந்தார். டக் டக் டக். நின்றார். மணிகளைக் கலைத்து மறுபடி ஆரம்பித்தார். மறுபடி நின்றார். என்னைப் பார்த்தார். பேனாவால் என் கூட்டுத்தொகையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார்.

நான் அறுநூற்று இருபத்திரண்டு என்று எழுதியிருந்தேன். மணிச்சட்டத்தில் நின்றது அறுநூற்றுப் பன்னிரண்டு. பத்து அதிகம். அட்டவணை முழுவதும் என் கையெழுத்து, கீழே "கணக்கு ஆசிரியர்" என்று தடித்த எழுத்தில் நானே போட்டிருந்தேன். அந்த அறையில் ஈ ஒன்று பறந்தது. அதைக்கூட எண்ணாமல் நின்றேன்.

அதிகாரி நீளமாகப் பேசினார். மொழிபெயர்ப்பாளன் என் பக்கம் திரும்பினான்.

"ஐயா சொல்றாரு. பாட்டு இல்லாத நாளு சராசரி சரியா அம்பத்தொண்ணு. அப்ப வித்தியாசம் பதினஞ்சு. பாட்டு வகுப்பு நீங்க சொன்னத விட நல்லதாம். உங்க கணக்கு நீங்க நினைக்கிறத விட மோசமாம்."

பாட்டு டீச்சர் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். எனக்குக் காது சுட்டது. ஆனால் காகிதம் இன்னும் அதிகாரி கையில்தான் இருந்தது. முத்திரை விழவில்லை. வாய்ப்பாட்டுக்கும் பாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று காட்டச் சொன்னார்.

"பிள்ளையள் இல்லையே" என்ற டீச்சர், சுற்றிலும் பார்த்துவிட்டு என்மேல் கண்ணை நிறுத்தினார். "மாஸ்டர், முன்னுக்கு வாங்கோ."

"நானா?"

"வேறை ஆர் இருக்கினம்? கையைத் தொடையிலை வையுங்கோ. நான் தொடங்கினவுடன் தட்டவேணும். ஏழாம் வாய்ப்பாடு. உங்களுக்குத் தெரியுந்தானே? இண்டைக்கு எனக்குச் சந்தேகமாக் கிடக்கு."

ஜப்பானிய அதிகாரியின் முன்னால், இருபத்து நான்கு வயதில், தொடையில் தட்டி, விரல் மடக்கி, ஏழாம் வாய்ப்பாட்டைப் பாடினேன். டீச்சர் முன்னால் ஒரு வரி பாட, பின்னால் நான் ஒரு வரி. என் குரல் முதல் மூன்று வரி எங்கெங்கோ போனது. ஏழு நான்கில் கை அதைப் பிடித்துக்கொண்டது. ஏழு ஆறில் நான் அவரைப் பார்க்கவில்லை. தொடை தானாகத் தட்டியது, எண் தானாக வந்தது. வாசலில் காவல்காரன் எட்டிப் பார்த்தான். அதிகாரி ஒவ்வொரு வரிக்கும் மணிச்சட்டத்தில் ஏழேழாகக் கூட்டிக்கொண்டே வந்தார். பாடி முடித்தபோது எழுபது. அவரிடமும் எழுபது. தவறு கண்டுபிடிக்க முடியாததால் கொஞ்சம் ஏமாந்தவர்போலத் தெரிந்தார்.

பிறகு எழுதினார். முத்திரை குத்தினார். மொழிபெயர்ப்பாளன் படித்தான்: பாட்டு ஆசிரியை பட்டியலில் தொடரலாம். வாரத்துக்கு இரண்டு அல்ல, நான்கு பாடவேளை.

டீச்சர் கண்ணை மூடித் திறந்தார். குனிந்தார். இம்முறை அவர் நிமிர நேரமானது.

"நாலு பாடவேளை எங்கேர்ந்து வரும்னு கேளு தம்பி" என்றேன். வாயை மூடிக்கொண்டிருக்கலாம். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை.

அதிகாரி உடனே பதில் சொன்னார். பையன் என் முகத்தைப் பார்க்காமல் மொழிபெயர்த்தான். "கணக்குலேர்ந்துதான். தப்பாக் கூட்டுற கணக்கு எதுக்கு அவ்வளவு நேரம்னு கேக்குறாரு. அந்த நாலு வேளையும் நீங்க விவசாயத்தைப் பாத்துக்கலாமாம்."

சூலியா தெரு வழியாகத் திரும்பி நடந்தோம். பாதித் தூரத்தில் டீச்சர் சொன்னார்: "மாஸ்டர், மண்வெட்டியை நடுவிலை பிடிக்காதையுங்கோ. கொப்புளம் வரும்."

மறு செவ்வாய் ஆர்மோனியத்தின் கோணிப்பையை எடுத்தார்கள். எழுபத்து நான்கில் எழுபது பேர் வந்தார்கள் என்று டீச்சரே பின்பக்கம் வந்து சொல்லிவிட்டுப் போனார். நான் மரவள்ளிக் குச்சி நட்டுக்கொண்டிருந்தேன். நிப்பொன் பாட்டை அவர் ஆறு நாளில் ஏற்றிவிட்டார். கடற்கரைத் திடலில் எல்லாப் பள்ளிகளும் கையைப் பக்கவாட்டில் ஒட்டி விறைப்பாக நிற்க, எங்கள் பிள்ளைகள் அத்தனை பேரும் தொடையில் தாளம் போட்டுக்கொண்டு பாடினார்கள். பெரிய வாத்தியார் நின்ற இடத்திலிருந்தே, நாற்பது கஜத்துக்கு அப்பால் உட்கார்ந்திருந்த அதிகாரியை நோக்கி நான்கு முறை குனிந்தார். அதிகாரி அவரைப் பார்க்கவில்லை. அவர் விரல் நாற்காலிக் கைப்பிடியில் அசைந்ததாக டீச்சர் சொன்னார். நான் பார்க்கவில்லை, ஆகையால் கணக்கில் சேர்க்கவில்லை.

நான்கு பாடவேளை போனதற்கு ஐந்தாவது புகார் எழுத நினைத்தேன். எழுதுவதற்கு ஆதாரம் வேண்டும். கணக்கு நேரம் குறைந்ததால் பிள்ளைகள் கெட்டுப்போனார்கள் என்று காட்ட வேண்டும். ஆறு வாரம் காத்திருந்து மூன்றாம் வகுப்புக்கு ஒரு பரீட்சை வைத்தேன். ஏழு, எட்டு, ஒன்பதாம் வாய்ப்பாடு மூன்றையும் கலந்து முப்பது கேள்வி. விடைத்தாளை மூன்று முறை திருத்தினேன், நானே தப்பாகக் கூட்டியிருப்பேனோ என்று. மூன்று முறையும் அதே எண். இருபத்து நான்கு பேரில் இருபத்திரண்டு பேர் முப்பதுக்கு முப்பது. முழு நேரமும் நான் நடத்திய காலத்தில் அந்த வகுப்பில் அப்படி வாங்கியவர்கள் அதிகபட்சம் பதினாறு பேர்.

தேறாத இரண்டு பேர் யார் என்று விசாரித்தேன். ஒருவன் காய்ச்சலில் ஒரு மாதம் பள்ளிக்கே வரவில்லை. இன்னொருத்தி பாடுவதற்கு வெட்கப்பட்டு, பாட்டு நேரத்தில் என்னோடு மரவள்ளி நட்டுக்கொண்டிருந்தவள். அவளுக்கு வாய்ப்பாட்டை நான் தனியாக உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்திருந்தேன்.